மனசு சரியில்லையா... வீட்டில் பிரச்சினையா? சொந்த ஊரிலேயே இலவச உதவி எங்கே கிடைக்கும்? - முழு விவரம்

காய்ச்சல் என்றால் எந்த டாக்டரிடம் போகலாம் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ரெண்டு வாரமா தூக்கமே வரலை, அப்பா குடியை விடணும், வீட்டில் அடி தாங்க முடியலை, பாட்டியைப் பார்த்துக்க ஆள் இல்லை என்றால் எங்கே போவது? பக்கத்து வீட்டில் கேட்கவும் கூச்சம். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரம்தான்.

இந்த உதவிகள் எல்லாமே தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கையில் இருக்கிறது. மனநல சிகிச்சை சுகாதாரத்துறையிடம். பெண்கள் பாதுகாப்பு சமூக நலத்துறையிடம். முதியோர் உதவித்தொகை வருவாய்த்துறையிடம். இதனால் ஒரு இடத்தில் "இது எங்க வேலை இல்லைங்க" என்றதும் பலர் அப்படியே வீடு திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் தட்டும் கதவே சரியான கதவாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் "அப்போ நான் எங்க போகணும்?" என்று கேட்டு, பதில் வாங்காமல் அங்கிருந்து திரும்பக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதல் போன் யாருக்கு?

மனநலம் சம்பந்தப்பட்ட எதற்கும் 14416. இது டெலி-மானஸ் எனப்படும் தேசிய மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவரால் முடியாது என்று தெரிந்தால் மனநல நிபுணரிடம் இணைப்பு மாற்றப்படும். நேரில் சிகிச்சை தேவைப்பட்டால் உங்கள் பகுதியில் எங்கே போகலாம் என்றும் வழி சொல்வார்கள்.

இரண்டாவது எண் 104. இது தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண். காய்ச்சலுக்கு என்ன செய்வது என்பதில் ஆரம்பித்து, எந்த மருத்துவமனையில் என்ன வசதி இருக்கிறது என்பது வரை கேட்கலாம். மன ஆலோசனையும் உண்டு. பிளஸ் டூ, நீட் தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களுக்காக அரசு அறிவிக்கும் எண்ணும் இதுதான்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். ஒருவர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, விஷம் சாப்பிட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ, மயங்கிக் கிடந்தாலோ ஆலோசனை எண்ணை அழைத்து நேரத்தை வீணாக்கக்கூடாது. நேராக 108. ஆம்புலன்ஸ் வரும் வரை அவரைத் தனியாக விடக்கூடாது.

போனில் என்ன சொல்வது?

பலர் நம்பரை டயல் செய்துவிட்டு, எதிர்முனையில் குரல் கேட்டதும் கட் செய்துவிடுகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததுதான் காரணம். பெரிய கதை சொல்ல வேண்டியதில்லை. நாலு வரி போதும்:

"எனக்கு ரெண்டு வாரமா தூக்கம் வரலைங்க. சாப்பாடு இறங்கலை. வேலைக்குப் போகப் பிடிக்கலை. யார்கிட்ட பேசணும்னு தெரியலை."

வேறொருவருக்காகவும் அழைக்கலாம். "என் தம்பி ரூமை விட்டு வெளியவே வரமாட்டேங்கறான், நாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டாலும் பதில் சொல்வார்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அதற்கேற்ற உதவியை அவர்கள் உடனே முடிவு செய்ய அது உதவும்.

நேரில் போகச் சொன்னால், போனை வைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடம்? எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அங்கே போய் எந்தப் பிரிவைக் கேட்க வேண்டும்? இந்த மூன்றும் கையில் இருந்தால் மறுநாள் காலை பஸ் ஏறுவதில் தயக்கம் பாதி குறையும்.

பக்கத்தில் நேரில் எங்கே போகலாம்?

கிராமம் என்றால் முதல் இடம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே மனநல மருத்துவர் தினமும் இருக்கமாட்டார். ஆனால் அங்குள்ள மருத்துவர் பார்த்து, எழுதிக் கொடுத்து அனுப்ப முடியும். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அந்தத் திட்டத்தின் மனநல மருத்துவக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட சுகாதார நிலையங்களுக்கும் முறை வைத்து வந்து பார்க்கிறது. வரும் நாள் ஊருக்கு ஊர் வேறுபடும். அதனால் "மனநல டாக்டர் என்னைக்கு வருவாங்க?" என்று கேட்டால் போதும்.

நகரம் என்றால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2023 முதல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்களும் இருக்கின்றன. நலவாழ்வு மையங்கள் மாலை நேரத்திலும் இயங்குவதால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. புறநோயாளிகள் பிரிவு பெரும்பாலும் காலை நேரத்தில்தான். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் அறை எண் சொல்வார்கள். டாக்டர் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் பணம் இல்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது. சென்னைக்காரர்கள் மட்டுமல்ல, வெளி மாவட்டத்தினரும் அங்கே சிகிச்சை பெறலாம். ஆனால் பல மணி நேரம் பயணம் செய்து அங்கே போவதற்கு முன், சொந்த மாவட்டத்திலேயே கிடைக்குமா என்று 104-ல் கேட்டுவிடுவது நல்லது. மனநல சிகிச்சைக்கு ஒருமுறை போனால் முடிந்துவிடாது. மாதாமாதம் போக வேண்டியிருக்கும். தூரம் அதிகமானால் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

போகும்போது பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் (சுகர், பிரஷர் மாத்திரை உட்பட) எடுத்துப் போகவும். கூடவே நம்பிக்கையான ஒருவர் இருந்தால் நல்லது.

டாக்டரா, சைக்காலஜிஸ்டா, கவுன்சிலரா?

மூன்றும் ஒன்றல்ல. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதித் தருவது இவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் பரிசோதனைகளும் பேச்சு சிகிச்சையும் செய்வார். மாத்திரை எழுதமாட்டார். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். கவுன்சிலர் என்பவர் படிப்பு, குடும்பம், வேலை போன்ற பிரச்சினைகளைப் பேசித் தீர்க்க உதவுகிறவர்.

சமூகப்பணியாளர் என்று இன்னொருவரும் மருத்துவமனையில் இருப்பார். இவரைத் தேடிப் பிடிப்பதுதான் பல குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். உதவித்தொகை, மாற்றுத்திறனாளி அட்டை, தங்கும் விடுதி என்று மருத்துவமனைக்கு வெளியே இருக்கிற வழிகளைக் காட்டுவது இவர் வேலை.

மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். "பத்து நாளா சாப்பிடறேன், ஒண்ணும் ஆகலை" என்று தானாக நிறுத்துவதும், கொஞ்சம் தேறியதும் விட்டுவிடுவதும் ஆபத்து. டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

போலீஸ் கேஸ் ஆகுமா? வெளியே தெரியுமா?

மருத்துவமனைக்குப் போகாமல் தடுக்கும் பெரிய பயம் இதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. முயற்சியையே குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்க அப்படிச் செய்வது மட்டும் தனிக் குற்றமாக இருக்கிறது. மருத்துவமனையில் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கும்போது போலீசுக்குத் தகவல் போகலாம். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ள உரிமை. மருத்துவக் காப்பீட்டில் உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் இடம் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இந்தச் சட்டத்தில் இன்னொரு வரி தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது அது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். சொந்த ஊரில் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தெரியாத குடும்பங்கள் கடைசி நம்பிக்கையாகத் தேடி வந்த ஊர் அது. அந்தத் துயரத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பிறகு ஏர்வாடி தர்காவிலேயே 'தவா-துவா' என்ற பெயரில், பிரார்த்தனையோடு மருந்தும் தரும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போவது அவரவர் நம்பிக்கை. அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. ரெண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

குடியை விட வைக்க எங்கே போவது?

போதை மீட்புக்கு தேசிய உதவி எண் 14446. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்டுள்ளன.

பல வருடமாகத் தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து, ஒரே நாளில் நிறுத்த வைக்கக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனை மேற்பார்வையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. வலிப்பு வந்துவிட்டால் 108.

தனியார் மையத்தில் சேர்ப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் யார், எப்போது வருவார், குடும்பத்தினர் நேரில் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். "மூணு மாசம் பார்க்கவே வராதீங்க" என்று சொல்லும் இடமாக இருந்தால் யோசிக்க வேண்டும்.

வீட்டில் அடி, மிரட்டல் என்றால்?

பெண்களுக்கான 24 மணி நேர உதவி எண் 181. அந்த நேரமே ஆபத்து என்றால் 112. மாவட்டங்களில் 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவ உதவி, போலீஸ் உதவி, வக்கீல், கவுன்சிலிங், சில நாட்கள் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைப்பதற்காகத்தான் இந்த மையம். புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசிப் பார்க்க மட்டும்கூடப் போகலாம்.

2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் தெரியும். வீடு கணவர் பெயரில் இருந்தாலும், மாமியார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. "வெளிய போடி" என்று சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பே கிடையாது. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

குழந்தைகள், மாணவர்கள்

18 வயதுக்குக் கீழ் உள்ளவர் எந்த ஆபத்தில் இருந்தாலும் 1098. அடி, பாலியல் தொல்லை, குழந்தைத் திருமணம், வேலைக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் இதே எண்தான். குழந்தையே அழைக்கலாம், பார்த்தவர் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். படிப்பு, தேர்வு பயம் தொடர்பாகப் பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது.

வயதானவர்களுக்கு

முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம். பிள்ளைகள் கவனிக்கவில்லை என்றால் 2007-ம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிட முடியும்.

நடக்க முடியாதவர்கள் சுகர், பிரஷர் மாத்திரைக்காக ஆட்டோ பிடிக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண சிகிச்சை, பிசியோதெரபி இரண்டும் உண்டு. பெயர் சேர்க்க உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதும்.

ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ. விசாரணை முடிந்து, தாலுகா அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவு செய்வார். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.

பணம் இல்லையென்றால்?

ஓ.பி. சிகிச்சைக்கும் கவுன்சிலிங்குக்கும் அரசு மருத்துவமனையில் எந்தக் கார்டும் தேவையில்லை. ஆபரேஷன், உள்நோயாளி சிகிச்சை என்று பெரிய செலவு வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993. உடம்பு நல்லா இருக்கும்போதே கார்டு எடுத்து வைப்பது நல்லது. நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது கஷ்டம்.

ஏமாறாமல் இருக்க...

அரசு உதவி எண்களில் யாரும் ஓ.டி.பி. கேட்கமாட்டார்கள், ஜிபேயில் பணம் போடச் சொல்லமாட்டார்கள். கேட்டால் உடனே கட் செய்யவும். "ஒரே சிட்டிங்கில் சரியாகும்", "நூறு சதவீதம் குணம்" என்று உத்தரவாதம் தருபவர்களிடம் எச்சரிக்கை தேவை.

ஒரு எண் பிஸியாக இருந்தால் அடுத்த எண்ணை முயலவும். அரசு அலுவலகத்தில் அலைக்கழித்தால், யாரிடம், எந்த நாள், என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்து, முதல்வரின் உதவி மையம் 1100-ல் புகார் தரலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஆம்புலன்ஸ் - 108
அவசர உதவி, போலீஸ் - 112
மனநலம், டெலி-மானஸ் - 14416
சுகாதார ஆலோசனை - 104
போதை மீட்பு - 14446
பெண்கள் - 181
குழந்தைகள் - 1098
பள்ளி மாணவர்கள் - 14417
முதியோர் - 14567
இலவச சட்ட உதவி - 15100
மருத்துவக் காப்பீடு - 1800 425 3993
புகார் - 1100

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட்டு வைத்தால், யாருக்குத் தேவையோ அவர்கள் யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள்.

(தற்கொலை எண்ணம் தோன்றினால், அதிலிருந்து மீண்டு வர முடியும். உடனே யாரிடமாவது பேசுங்கள். மாநில சுகாதார உதவி எண்: 104. டெலி-மானஸ்: 14416. சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை: 044-24640050.)